திலகவதியார் துயரும் திருவருளும்



இளம் பருவத்திலேயே பிரிந்து சென்ற தம் மகளின் நினைவாக ஆண்டுதோறும் ஒரு சமயச் சொற்பொழிவு நிகழவேண்டும் என்று விரும்பி, தம் சேமிப்பில் ஒரு பகுதியை இவ்வறத்துக்கென ஒதுக்கிய பெற்றோர் இருவரும் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். துன்பக் காலத்தில் இறைவனுடைய அன்பை நம்புதல் என்னும் பொருளை எனக்கு வகுத்துத் தந்தவர்களும் அவர்களே. சாத்திர நூல்களைச் சிறிது கற்ற ஒருவன், துக்கத்தை ஏட்டளவில் மட்டும் அறிந்தவர்கள் கூடிய சபையில், இப்பொருளைப் பற்றி எத்தனை நாழிகை வேண்டுமானாலும் பேசிவிடலாம். பெற்ற மகளைப் பறிகொடுத்தவர்கள் செவிசாய்த்திருக்கும் சபையிலோ, அவர்கள் முகத்தை நேரே நோக்கிச் சொல்லக் கூசும் வாக்கியம் எதனையும் சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை. இந்த ஒரு நியமத்தை எனக்கு நானே விதித்துக்கொண்டு பேசத் தொடங்குகிறேன்.

ஆகையால், தத்துவத்திலிருந்து புறப்பட்டு வாழ்க்கைக்கு வரும் வழியை விட்டுவிட்டு, ஒரு பெண்ணின் வாழ்க்கையிலிருந்தே புறப்படுவோம். அப்பர் பெருமானை அறிந்த அளவுக்கு அவருடைய தமக்கையாரைத் தமிழ் மக்கள் அறிந்திருக்கிறார்கள் என்று சொல்வதற்கில்லை. அறுபத்து மூவர் என்னும் தொகையில் காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் ஆகிய மூவரே பெண்பாலர். திலகவதியார் அத்தொகையில் எண்ணப்படவில்லை. எனினும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தை இயற்றியபோது, நாவுக்கரசர் வரலாற்றின் முற்பகுதியை ஏறத்தாழ அந்த அம்மையாரின் வரலாறாகவே அமைத்திருக்கிறார். தம்பியைப் பாடவந்த கவி தமக்கையின் துயரத்தின்முன் நின்று விடுகிறார். அவர் நின்ற இடத்திலே நாமும் சற்றே நிற்போம்.

திருமுனைப்பாடி நாட்டில், இன்றைய பண்ணுருட்டிக்கு அணித்தாகிய திருவாமூரில், வேளாண்குடியில் புகழனார் என்பவருக்கும் மாதினியார் என்பவருக்கும் மூத்த மகளாகத் திலகவதியார் பிறந்தார். சில ஆண்டுகளுக்குப் பின், பிற்காலத்தில் அப்பர் என்றும் நாவுக்கரசர் என்றும் பெயர் பெற்ற மருள்நீக்கியார் பிறந்தார். மகளுக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது, அரசனுடைய சேனையில் தலைமை வகித்த கலிப்பகையார் என்னும் வீரர் பெண் கேட்டுப் பெரியோர்களை அனுப்பினார். புகழனாரும் மனமுவந்து இசைந்தார். திருமணம் நிகழ்வதற்கு முன்பாகவே, வடநாட்டு மன்னரோடு மூண்ட போருக்குச் செல்லுமாறு அரசன் ஆணை பிறக்க, கலிப்பகையார் போர்முனைக்குச் சென்றார். அவர் திரும்புவதற்குள் புகழனார் கொடிய நோய் கண்டு இறந்தார். கணவர் போனபின் வாழ விரும்பாத மாதினியாரும் உடன் உயிர் நீத்தார். சுற்றத்தார் கூடி அழுது, பிள்ளைகளைத் தேற்றி, செய்ய வேண்டிய கடன்களைச் செய்வித்து, அவரவர் இல்லம் சென்றிருப்பார்கள்; அந்தச் சமயத்தில், போர்க்களத்தில் கலிப்பகையார் வீழ்ந்துபட்டார் என்ற செய்தியும் வந்து சேர்ந்தது.

பால்யம் கழிந்தும் கழியாததுமான வயதில் உள்ள ஒரு பெண். தாய் இல்லை, தந்தை இல்லை, கைப்பிடிக்க இருந்த நாயகன் இல்லை. தந்தையும் தாயும் தம்மை எவருக்குக் கொடுக்க இசைந்தார்களோ அவருக்கே தாம் உரியவர் என்று துணிந்து, அவர் சென்ற வழியே தம் உயிரையும் போக்கிக்கொள்ள அந்தப் பெண் உறுதி கொண்டாள். அப்போது மருள்நீக்கியார் ஓடிவந்து தமக்கையின் காலில் விழுந்தார். அம்மையும் அப்பனும் போனபிறகும் தாம் உயிரோடிருப்பது தமக்கையை வணங்கிக்கொண்டிருக்கலாம் என்ற ஒன்றை நம்பித்தான் என்றும், அவரும் தம்மை விட்டுப் போவதானால் அவருக்கு முன்னே தாம் போய்விடுவதாகவும் சொல்லிக் கதறினார். அந்தப் பேச்சு அவரைத் தடுத்தது. தம்பி வாழவேண்டும் என்பதற்காகத் தம் உயிரைத் தாங்கிக்கொண்டார். பொன் அணியைத் துறந்து, எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் பூண்டு, வீட்டிலிருந்தபடியே தவவாழ்வு வாழலானார்.

இதுதான் வரலாறு. இதில் அற்புதம் ஒன்றும் நிகழவில்லை என்பதைத்தான் இன்றைய பேச்சுக்கு ஆதாரமாக உங்கள்முன் வைக்கிறேன். பெரிய புராணம் மாண்டவர் மீண்ட கதைகள் பல உடைய நூல். திங்களூரில் அப்பூதியடிகளின் மூத்த பிள்ளை, விருந்துக்கு வாழையிலை அரியச் சென்ற இடத்தில் பாம்பு தீண்டி இறந்தபோது, நாவுக்கரசர் பாடினார், பிள்ளை எழுந்தான். மயிலாப்பூரில் சிவநேசர் தம் மகள் பூம்பாவையின் எலும்பையும் சாம்பரையும் குடத்திலிட்டுக் காத்திருந்தார், சம்பந்தர் பாடினார், பெண் எழுந்தாள். அவிநாசியில் முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் மீட்டுக்கொடுத்ததாக அதே நூல் சொல்கிறது. இவ்வாறு இறந்தவர்கள் எழுந்து வருகின்ற அந்த நூலிலேயே, திலகவதியார் இழந்த மூவரில் ஒருவரும் எழுந்து வரவில்லை. புகழனார் போனவர் போனவரே. மாதினியார் போனவர் போனவரே. கலிப்பகையார் எந்தக் களத்தில் எரியூட்டப்பட்டாரோ, அவருடைய முகத்தைக்கூட அந்தப் பெண் கடைசியாகப் பார்த்ததில்லை. இழந்ததைத் திரும்பப் பெற்றபின் இறைவனை நம்புவது எளிது. திங்களூரில் அன்று நம்பாதவர் எவர் இருந்திருக்க முடியும்? இழந்தது இழந்ததாகவே இருக்க, திரும்பி வாராது என்பது தெரிந்திருக்க, அதன்பிறகும் இறைவன் அன்புடையவன் என்று ஒருவர் வாழ்ந்து காட்டினார் என்றால், துக்கத்தில் இருப்பவர்கள் துணைகொள்ளத் தக்கவர் அவரே என்று நான் கருதுகிறேன். உலகில் பெரும்பாலோர் திலகவதியார் இனம். அப்பூதியார் இனம் அல்ல.

இனி, இன்னொரு விஷயத்தையும் நீங்கள் கவனிக்கவேண்டும். பிற்காலத்தில் மருள்நீக்கியாருக்குச் சூலை நோய் வந்ததற்குச் சேக்கிழார் காரணம் கூறுகிறார்: முற்பிறப்பில் அவர் செய்த தவத்தில் சிறிது வழு நேர்ந்தது, அதனால் நோய் தந்து ஆட்கொள்ள இறைவன் திருவுளம் கொண்டான் என்கிறார். தமக்கை மூவரை இழந்ததற்கு அத்தமக்கையிடத்தில் அவர் யாதொரு காரணமும் காட்டவில்லை. முற்பிறப்பு என்று சொல்லவில்லை. புகழனார் மறைவை வினைப் பயன் என்று சொன்னவர், அதை மகளின் வினை என்று சொல்லவில்லை. சோதனை என்றும் சொல்லவில்லை. சைவ சித்தாந்தத்தின் கொள்கைகளையெல்லாம் உள்ளங்கையில் கொண்டிருந்த அப்பெரும் புலவருக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் போயிற்று என்று எவரும் சொல்லத் துணியார். சொல்லத் தெரிந்தவர் சொல்லாமல் விட்டார் என்றால், அந்த மௌனத்தை மதிப்பது நம் கடமை.

இங்கே சாத்திரம் கற்ற அன்பர்கள் ஒரு தடை எழுப்பக்கூடும். அறக்கருணை, மறக்கருணை என இறைவன் கருணை இருவகைப்படும் அல்லவா? தம் சொல்வழி நில்லாத பிள்ளையைத் தாய் தந்தையர் கோல் கொண்டு அடித்தாலும் அதுவும் பரிவே என்று அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் விளக்கியிருக்கிறாரே, அதை எங்கே கொண்டு வைப்பது என்று கேட்பார்கள். அக்கொள்கையை நான் மறுக்கவில்லை, சிரமேல் தாங்குகிறேன். ஆனால் அந்த உவமையை அதன் எல்லைக்குள் நிறுத்தவேண்டும். வழி தவறிய பிள்ளையைப் பற்றிய உவமை அது. பன்னிரண்டு வயதுச் சிறுமி எந்த வழி தவறினாள்? கோல் கொண்டு திருத்துவதற்கு அவளிடத்தில் இருந்த குற்றம்தான் யாது? மறக்கருணை என்பது, துன்பம் உற்றவன் தன் வாழ்நாளைத் திரும்பிப் பார்த்து, இதுவும் எனக்கு நன்மையாகவே முடிந்தது என்று தானே கண்டு சொல்லத்தக்க சாட்சி. அயலான் ஒருவன், நேற்று மூண்ட சிதை இன்னும் ஆறாத வீட்டில் நுழைந்து, உனக்கு வந்தது மறக்கருணை என்று சொல்வானானால், கொள்கை சரியாக இருந்தும் அவன் செய்வது பாவம். என் வினை என்று சொல்லிக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. உன் வினை என்று பிறரைப் பார்த்துச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. நம்முடைய சமயநூல்களை நாம் கையாளும் முறையில், இந்த ஒரு வேற்றுமையை மறந்ததனால் விளைந்த கொடுமை கொஞ்சமன்று. அழுதுகொண்டிருப்பவர்களை அது மேலும் அழவைத்திருக்கிறது. சிலரை ஆலயத்தின் வாயிலிலிருந்தே திருப்பியும் அனுப்பியிருக்கிறது.

சரி, காரணம் சொல்லாத சேக்கிழார் வேறு எதைச் சொல்கிறார்? அம்மையார் என்ன செய்தார் என்பதைச் சொல்கிறார். தம்பி நிலையாமையைக் கண்டு, செல்வத்தை அறத்துக்கு ஈந்து, அறச்சாலை அமைத்து, தண்ணீர்ப்பந்தல் வைத்து, சோலை வளர்த்து, குளம் தொட்டு, இறுதியில் சமணம் புகுந்து பாடலிபுத்திரத்திலே தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்று விளங்கினார். உயிரைத் தாங்கியதே எவன் பொருட்டோ, அவனும் வீட்டை விட்டுப் போனபிறகு, அம்மையாருக்கு எஞ்சியது என்ன? கெடிலக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். அங்கே பெரிய தவம் ஒன்றையும் தொடங்கினாரில்லை. விடியுமுன் எழுந்து திருவலகு கொண்டு திருக்கோயிலைப் பெருக்கினார், சாணம் கரைத்து மெழுகினார், மலர் கொய்தார், மாலை கட்டினார். நாள்தோறும் இதையே செய்தார்.

துக்கத்தை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். பெருந்துயர் வந்த வீட்டில் முதலில் போவது அழுகையன்று, வேலை போகிறது. பொழுது விடிந்தால் எழுந்திருப்பது எதற்காக என்ற கேள்வி வந்துவிடுகிறது. வாசல் தெளிப்பதும் விளக்கு ஏற்றுவதும் அர்த்தமற்றவையாகத் தோன்றுகின்றன. அந்நிலையில், இறைவன் அன்புடையவனா, அல்லவா என்று அம்மையார் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. அவனுடைய வாசலைத் துடைப்பம் கொண்டு கூட்டினார். நம்பிக்கை என்பது மனத்தில் எழும் ஓர் உணர்ச்சி என்று நாம் எண்ணுகிறோம். அந்த உணர்ச்சி எழாத நாட்களில் நம்பிக்கை போய்விட்டது என்று அஞ்சுகிறோம். உணர்ச்சி வந்த நாளும் வாராத நாளும் அவர் கையில் திருவலகு இருந்தது என்பதே அவருடைய நம்பிக்கை. பின்னாளில் நாவுக்கரசர் உழவாரப் படையைத் தோளில் தாங்கி ஊர்தோறும் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினாரே, அந்த உழவாரத்தை அவருக்குக் கற்பித்தது அக்காளின் துடைப்பந்தான் என்பது என் துணிபு. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இறைவன் நாவுக்கரசர், சம்பந்தர் இருவருக்கும் நாள்தோறும் காசு அளித்தான் என்றும், சம்பந்தருக்குக் கிடைத்த காசு வட்டம் கொடுத்து மாற்றவேண்டியதாக இருக்க, கைத்தொண்டு செய்த நாவுக்கரசர் காசு அவ்வாறு குறைவின்றி மாறியது என்றும் சேக்கிழார் சொல்வார். கைத்தொண்டுக்கு அவர் வைத்த மதிப்பு அது. அந்த மதிப்பின் வேர் திருவதிகையின் வைகறையில் இருக்கிறது.

அம்மையார் ஒன்றை மட்டும் வேண்டிக்கொண்டார்: தம்பி திரும்பி வரவேண்டும். அவ்வேண்டுகோளுக்கு வந்த விடையைக் கேளுங்கள். இறைவன் கனவில் தோன்றி, வருந்தவேண்டாம் என்றும், அவனைச் சூலை நோய் தந்து ஆட்கொள்வோம் என்றும் அருளினான். இந்த இடத்தைப் பலர் வேகமாகப் படித்துச் செல்கிறார்கள். தந்தையை நோய்க்குப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்கு, உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே உடன்பிறப்பைப் பற்றி, அவனுக்கும் ஒரு கொடிய நோய் வரும் என்ற செய்தி நற்செய்தியாக வருகிறது! சூலை என்ற சொல்லைக் கேட்டவுடன் புகழனாரின் நோய்ப்படுக்கை அவர் கண்முன் வந்திராதா? அவ்வாறு வந்திருக்கவேண்டும் என்றே நான் எண்ணுகிறேன். வந்தும் அவர் நம்பினார். நோயைத் தருபவன் எவனோ அவனே மருந்துமாவான் என்று நம்பினார். மறுநாள் காலையிலும் கோயிலைப் பெருக்கப் போனார். நம்பிக்கை என்பது இன்பமான செய்தியை ஏற்றுக்கொள்வது அன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று நம் இலக்கியத்தில் நான் கண்டதில்லை.

சூலை வந்தது. பாடலிபுத்திரத்துச் சமணத் துறவியர் தாம் அறிந்த மந்திரங்களைச் சொல்லியும், குண்டிகை நீரைக் குடிக்கக் கொடுத்தும், மயிற்பீலியால் தடவியும் பார்த்தார்கள், நோய் தணியவில்லை. இங்கே ஒரு வார்த்தை. சைவப் புராணம் சமணரைப் பகைமைக் கண்ணோடு பார்ப்பது அக்காலத்துச் சமயப் போரின் விளைவு. சிந்தாமணியையும் நாலடியாரையும் நன்னூலையும் நமக்குத் தந்த அச்சான்றோர் மரபினரை இன்று நாம் அக்கண்ணோடு பார்க்க வேண்டியதில்லை; நோயாளியின் பக்கத்தில் இருந்து தம்மால் இயன்றதைச் செய்தார்கள் என்ற அளவில் அவர்களும் வணங்கத் தக்கவர்களே. நோய் தாங்கமாட்டாத தருமசேனருக்கு அக்காள் நினைவு வந்தது. தமக்கு உணவு சமைப்பவனைத் தூது அனுப்பினார். அம்மையாரோ அந்தப் பள்ளிக்குத் தாம் வருவதற்கில்லை என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். தம்பிக்கு உயிர் போகும் வேதனை என்று கேட்டும் அவர் அசையவில்லையே என்று சிலர் குறைபடுவதுண்டு. கனவின் வாக்கை நம்பியவருக்கு, தம்பி தானாக எழுந்து வரவேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஓடிச் சென்று அணைத்துக்கொள்வதைக் காட்டிலும் ஓடாமல் இருப்பது அவருக்கு எத்தனை கடினமாக இருந்திருக்கும் என்பதைத் தாய்மார்களே உணர்வார்கள்.

தருமசேனர் பாயையும் குண்டிகையையும் பீலியையும் விட்டு, வெள்ளாடை உடுத்து, ஏவலரைப் பற்றிக்கொண்டு, இரவோடிரவாக நடந்து திருவதிகையில் தமக்கை தங்கியிருந்த மடத்தை அடைந்து காலில் விழுந்தார். முன்னொரு நாள் தமக்கையின் உயிரைத் தடுத்து நிறுத்தியதும் இதே காலில் விழுந்துதான். அம்மையார் அவரை எழுப்பி, கேள்வி ஒன்றும் கேளாமல், ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுத்தார். திருப்பள்ளியெழுச்சி வேளை நெருங்கிவிட்டது. திருவலகையும் மெழுக்குத் தோண்டியையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டவர், தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டார். அந்தக் காட்சியை எண்ணிப் பாருங்கள்: ஒரு கையில் துடைப்பம், ஒரு கையில் சாணத் தோண்டி, பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வரும் தம்பி. எத்தனையோ ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பேறு கைக்கு வந்துவிட்ட அந்த நாளிலும் அம்மையார் நாள்வழி வேலையை நிறுத்தவில்லை.

அங்கே பிறந்ததுதான் நான்காம் திருமுறையின் முதற்பதிகம். கொல்லிப் பண்ணில் அமைந்த பத்துப் பாடல்கள். அதில் துதியைக் காட்டிலும் முறையீடு மிகுதி. குடல் முறுக்கப்படுகிற வேதனையை மறைக்காமல் சொல்கிறார். தாம் இழைத்த கொடுமை யாது என்று தமக்குத் தெரியவில்லை என்கிறார். ஆற்றமாட்டேன் என்று ஓலமிடுகிறார். ஆயினும் ஒவ்வொரு பாட்டும் அதிகை வீரட்டானத்து அம்மானை விளித்தே முடிகிறது. பத்து முறை முறையிடுகிறார். பத்து முறையும் முறையீடு ஒருவனிடமே போய்ச் சேருகிறது. துக்கத்தில் இருப்பவர்கள் கடவுளைக் கேள்வி கேட்டால் அது விசுவாசக் குறைவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். தேவாரத்தில் நாவுக்கரசர் பாடிய முதற் பாட்டே ஒரு புகார். நம்பாதவன் யாரிடத்தில் போய்ப் புகார் சொல்வான்? அழுதுகொண்டே, சினந்துகொண்டே, காரணம் தெரியாமலே அவனை நோக்கித் திரும்பி நிற்பது நம்பிக்கையின் ஒரு நிலை; அதுவும் உயர்ந்த நிலை.

இதே உண்மையை வேறொரு சமயநூலும் சொல்கிறது. விவிலியத்தில் வரும் யோபு என்னும் நீதிமான், பிள்ளைகள் அனைவரையும் ஒரே நாளில் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்தபோது, நண்பர்கள் மூவர் வந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாட்களே அவர்கள் செய்த நன்மை. பிறகு வாய்திறந்து, நீ ஏதோ தவறு செய்திருக்கிறாய், அதனால்தான் இது வந்தது என்று வகைவகையாக நியாயம் கூறினார்கள். யோபுவோ தான் பிறந்த நாளையே சபித்தான், கடவுளோடு வழக்காடினான். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது வழக்காடினவன்மேல் அன்று. தமக்காகப் பரிந்து நியாயம் பேசிய அந்த நண்பர்கள்மேல். யோபு பேசினது போல நீங்கள் என்னைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்பது தீர்ப்பின் சாரம். யோபுவுக்குப் பிறகு மீண்டும் பிள்ளைகள் பிறந்ததாக அந்நூல் முடிகிறது. பிறந்த பிள்ளைகள் இறந்த பிள்ளைகளுக்கு ஈடு என்று எந்தத் தாயும் ஒப்பமாட்டாள். அந்நூலும் அவ்வாறு சொல்லவில்லை.

அப்படியானால் இறைவனுடைய அன்பு துன்பக் காலத்தில் எங்கே இருக்கிறது? நம் சித்தாந்தம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அது காரணம் கூறும் விடையன்று என்பதால் துணிந்து சொல்கிறேன். இறைவன் செயல்கள் ஐந்து: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். இவற்றுள் மறைத்தலையும் அருளாகவே நம் ஆசிரியர்கள் எண்ணினார்கள். தில்லைக் கூத்தன் திருவுருவத்தை உண்மை விளக்கம் விரிக்குமிடத்தில், துடியில் படைப்பும், அமைந்த கையில் காப்பும், அங்கியில் அழிப்பும், ஊன்றிய திருவடியில் மறைப்பும், தூக்கிய திருவடியில் அருளும் உள்ளன என்று வகுத்துக் காட்டும். ஊன்றிய அடியைப் பாருங்கள். எடுத்த பாதத்தை எல்லோரும் பாடுகிறோம். ஆனால் அந்தப் பாதம் எடுத்து நிற்பதற்கு இந்தப் பாதம் ஊன்றியிருக்கவேண்டும். அன்பு தெரியாமல் மறைந்திருக்கும் காலத்தில் அன்பு இல்லாமற் போகவில்லை. மறைந்தும் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது இதன் கருத்து. இதனால் துக்கம் குறையும் என்று நான் சொல்லவில்லை. பெற்றோர்களின் துக்கம் குறையவேண்டும் என்பதும் இல்லை. அன்பின் அளவே துக்கத்தின் அளவு. துக்கப்படாதே என்று சொல்வது அன்பு வைக்காதே என்று சொல்வதாகும். திலகவதியாருக்கு அவ்வாறு சொல்ல இறைவனே துணியவில்லை. துக்கத்தில் இருக்கும்போதே, அதைச் சுமந்துகொண்டே, கைவிடப்படவில்லை என்று அறியலாம் என்பதுதான் அம்மையார் வரலாற்றிலிருந்து நான் கற்றது.

இந்த அறிவு நாவுக்கரசரை என்ன செய்தது என்பதை உலகம் அறியும். அரசன் அவரை நீற்றறையில் ஏழுநாள் அடைத்தபோது, வெந்துகொண்டிருக்கும் சுண்ணாம்புக் காளவாயினுள்ளே இருந்து அவர் குளிர்ச்சியைப் பாடினார். நஞ்சு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கல்லோடு கட்டிக் கடலில் இட்டார்கள், அவர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார். யார்க்கும் அஞ்சாத அந்த நெஞ்சு ஒரே நாளில் உருவானது அன்று. துயரத்தில் தோய்ந்தும் கசந்து போகாத ஒரு பெண்ணின் நிழலில், ஒரு நோயின் இரவில், ஒரு துடைப்பத்தின் பின்னே நடந்த வைகறையில் உருவானது அது.

பேச்சை முடிக்குமுன் நம் வீடுகளைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். துக்கம் விசாரிக்கப் போகும் வழக்கம் தமிழர்களிடையே இன்னும் இருக்கிறது. அது அழியாமல் காக்கப்படவேண்டிய வழக்கம். இழவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று அறிந்து, உறவினரும் அண்டை வீட்டாரும் சோறாக்கிக் கொண்டுபோய், சாப்பிடமாட்டேன் என்பவர்களை ஒரு கவளமாவது உண்ணச் செய்கிறோமே, அதைவிடப் பெரிய சமயத் தொண்டு நான் அறியேன். பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ஆண்கள் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வளவும் சரி. கெடுவது நாம் வாயைத் திறக்கும்போதுதான். நல்லவர்களைத்தான் ஆண்டவன் சீக்கிரம் அழைத்துக்கொள்வான் என்கிறோம். எல்லாம் போன ஜன்மத்துக் கணக்கு என்கிறோம். இன்னொரு பிள்ளை பிறக்கும், கவலைப்படாதே என்கிறோம். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். கேட்பவர்கள் அதை ஆண்டுக்கணக்கில் மறப்பதில்லை. அன்பர்களே, சேக்கிழார் சொல்லாமல் விட்டதை நாமும் சொல்லாமல் விடுவோம். சோறு கொண்டுபோவோம், பக்கத்தில் உட்காருவோம், பத்தாம் நாளோடு நின்றுவிடாமல், காரியம் முடிந்து கூட்டம் கலைந்தபின், மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும், இறந்தவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, அவரைப் பற்றிப் பேச இடம் கொடுப்போம். அந்தப் பெயரைக் கேட்கத்தான் அவர்கள் ஏங்குகிறார்கள்.

இச்சபைக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் சித்திரைச் சதயத்தில் அப்பர் பெருமானுக்குக் குருபூசை நடத்துகிறீர்கள். அறுபத்து மூவரில் எண்ணப்படாத காரணத்தால் திலகவதியாருக்குத் தனியே ஒரு நாள் வாய்க்கவில்லை. வருகின்ற சதயத்திலிருந்து, புராணத்தில் அம்மையார் வரலாறு வரும் பகுதியையும் சபையில் முழுமையாகப் படித்துப் பொருள் சொல்ல ஏற்பாடு செய்யுமாறும், அன்று அவ்வாண்டில் துக்கம் நேர்ந்த குடும்பத்தாரை முன்னதாகவே சென்று அழைத்து உடன் அமர்த்திக்கொள்ளுமாறும் உங்களை வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறேன்.